வாசகர் கேள்வி – பதில்: ஓதம் பார்த்துப் புறப்படுங்கள்

மார்கழி பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பூநாரைகளையும் (ஃபிளமிங்கோ), மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையிலுள்ள கடற்கழியான தானே கிரீக்கையும் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒன்றையே பலரும் கேட்டிருப்பதால், ஐந்து கேள்விகளைத் தேர்ந்துகொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

தை அமாவாசை ஞாயிறன்று காலை ஏழு மணிக்கே குழந்தைகளுடன் செவ்ரி கடற்கரைக்குப் போய்விட்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. அதற்கும் அப்பால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். பறவை பார்க்க அதிகாலைதான் ஏற்றது என்கிறார்களே, எங்கே தவறினோம்?
— செம்பூர் வாசகி

நீங்கள் பார்த்த அந்த இளஞ்சிவப்புக் கோடுதான் பூநாரைக் கூட்டம். வந்த இடம் சரி, மாதமும் சரி. நேரம் மட்டும் பொருந்தவில்லை. ஏரிக்கும் காட்டுக்கும் அதிகாலை என்ற கணக்கு சரிதான். கடலோடு சேர்ந்த சதுப்பில் பறவைகளின் சாப்பாட்டு வேளையைச் சூரியன் தீர்மானிப்பதில்லை, கடல்நீரின் ஏற்ற இறக்கமான ஓதம்தான் தீர்மானிக்கிறது. நீர் வற்றும்போது சேற்றுப்பரப்பு கிலோமீட்டர் கணக்கில் விரிகிறது. பறவைகள் நீரின் விளிம்பைப் பின்தொடர்ந்து வெகுதூரம் உள்ளே போய்விடுகின்றன. நீர் ஏறத் தொடங்கியதும் அந்த விளிம்பு கரையை நோக்கி நகர, கூட்டமும் அதனோடு அடியடியாக நம் பக்கம் வருகிறது.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மும்பையில் ஓதம் உச்சத்தை எட்டுவது ஏறத்தாழ நண்பகலில். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு நீர் அடிமட்டத்தில் இருக்கும். நீங்கள் போய் நின்றது நீர் அப்போதுதான் திரும்பத் தொடங்கியிருந்த வேளை. பறவைகள் கரையை நெருங்கியபோது நீங்கள் ஹார்பர் லைன் ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ்த் தினசரி நாட்காட்டியே இதற்குப் போதும். அமாவாசை அல்லது பௌர்ணமியன்று நண்பகல் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டு, அடுத்துவரும் ஒவ்வொரு திதிக்கும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். பஞ்சமியன்று மாலை நான்கு மணியளவிலும், அஷ்டமியன்று ஆறரையை ஒட்டியும் நீர் நிறைந்திருக்கும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம் உண்டு என்பதால், ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் எண்ணினால் காலை ஏற்றமும் தெரிந்துவிடும். அப்படிக் கணக்கிட்டால், துவாதசி முதல் அமாவாசை அல்லது பௌர்ணமி வரையிலான நாட்களில் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நீர் நிறையும் என்பது விளங்கும். மும்பைக்காரர்களுக்கு இவைதான் வசதியான நாட்கள். இது தோராயக் கணக்கு. அரைமணி, முக்கால்மணி முன்பின் ஆகும், கிரீக்கின் உள்ளே போகப் போக இன்னும் சற்றுத் தாமதிக்கும். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய இரவு அச்சிட்ட ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஓதம் உச்சத்தைத் தொடும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தாலும் பயனில்லை. சேறு முழுவதும் மூழ்கியபின் பறவைகளுக்கு அங்கே நிற்க இடமிருக்காது. உப்பளங்களுக்கும், நெரூல், சீவுட்ஸ் பக்கத்துக் குளங்களுக்கும் பறந்துவிடும். உச்சத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு போய் நின்று, ஒரு மணி நேரம் முன்பு வரை பார்ப்பது என் வழக்கம். முதலில் தொலைவில் ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்கும், கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்பதுபோல. அரைமணி கழித்து நிமிர்ந்தால் ஒவ்வொரு பறவையின் கழுத்து வளைவும் தனித்தனியே தெரியும். காலடியில் சேற்றுத் தவளைபோல் தத்தும் மீன்கள் ஒவ்வொன்றாக வளைக்குள் புகும்போது, நீர் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

கோடியக்கரையில் சிறுவயதில் பார்த்த பூநாரையும் மும்பையில் இருப்பதும் ஒன்றுதானா? சாக்கடை கலக்கும் இந்த நீரில் அவை எதைத் தின்கின்றன? பூநாரைகள் வந்திருப்பதால் கிரீக் சுத்தமாகிவிட்டது என்று கொள்ளலாமா?
— தாராவி வாசகர்

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பெரும்பூநாரையாக இருக்கும். நின்றால் பத்து வயதுப் பிள்ளையின் உயரம். உடல் வெளிறிய வெண்மை, அலகு இளஞ்சிவப்பு, அதன் நுனி மட்டும் கறுப்பு. தானே கிரீக்கில் அதுவும் உண்டு என்றாலும், பல்லாயிரக்கணக்கில் திரள்வது சிறுபூநாரை. மூன்றடிக்கும் குறைவான உயரம், ஆழ்ந்த இளஞ்சிவப்பு, தொலைவிலிருந்து பார்த்தால் கறுப்பாகவே தோன்றும் கருஞ்சிவப்பு அலகு. அலகைப் பார்த்தால் போதும், வேறுபாடு தெரிந்துவிடும்.

இரண்டும் தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே இருக்கும்படி உண்கின்றன. நாக்கு பம்பு போல இயங்கி நீரை உள்ளிழுத்து வெளியேற்ற, அலகின் ஓரங்களில் உள்ள நுண்ணிய தகடுகள் வடிகட்டிகளாக வேலை செய்கின்றன. பெரும்பூநாரையின் சல்லடைக் கண் பெரியது. அது சிறு இறால், புழு, பூச்சிகளின் இளம்பருவம் ஆகியவற்றைப் பிடிக்கிறது. சிறுபூநாரையின் சல்லடையோ மிக நுண்ணியது. அதன் முக்கிய உணவு நீலப்பச்சைப் பாசியும் அதைப்போன்ற நுண்ணுயிர்களும். இந்தப் பாசியில் உள்ள கரோட்டினாய்டு நிறமிதான் இறகில் ஏறி இளஞ்சிவப்பாகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமல்ல, நிறம் ஏறாத இளம்பறவைகள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு, இல்லை என்பதே என் பதில். நகரத்துக் கழிவுநீர் கொண்டுவரும் சத்துகளில் பாசி செழிக்கிறது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பூநாரைகள் இங்கே பெருமளவில் வரத் தொடங்கியதற்கு அதையே முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். சில பருவங்களில் அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியதாக பி.என்.எச்.எஸ். எனப்படும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மதிப்பிட்டிருக்கிறது. இத்தனை பறவைகளைக் கண்டு நீருக்கு நற்சான்று எழுதுவது, பந்தியில் கூட்டம் அதிகம் என்பதற்காகச் சமையற்கட்டு சுத்தம் என்று முடிவு கட்டுவதைப் போன்றது. கழிவுநீரோடு சத்து மட்டும் வருவதில்லை, தொழிற்சாலைகளின் கன உலோகங்களும் வருகின்றன. அதற்காகச் சரணாலயத்தின் மதிப்பு குறைந்துவிடாது. 2015-இல் 1,690 ஹெக்டேர் பரப்பு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தப் பரப்பில் பாதிக்கு மேல் அலையாத்திக் காடு.

வெளிநாட்டுப் பறவைகள் குளிர்காலத்தில் குஞ்சு பொரிக்கத்தானே இங்கே வருகின்றன? வேடந்தாங்கலைப் பற்றிப் பள்ளியில் அப்படித்தான் படித்தோம்.
— மாட்டுங்கா வாசகர்

தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மில் பலரையும் விடாமல் பற்றியிருக்கும் தவறான எண்ணம் இது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் முதலியவை இந்தியாவிலேயே வாழ்பவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைவதால் அந்த மாதங்களில் குஞ்சு பொரிக்கின்றன. அதே ஏரியில் அதே மாதங்களில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் மிதப்பதால் இரண்டு செய்திகளும் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை. வடக்கே நிலமும் நீரும் உறையும்போது உணவு தேடி வருகின்றன. வேனில் தொடங்கியதும் குஞ்சு பொரிக்கத் திரும்பிப் போகின்றன. செவ்ரி சேற்றில் குடுகுடுவென்று ஓடும் கொசு உள்ளானின் எடை இருபது முதல் முப்பது கிராம். அது பிறந்த இடம் ஆர்க்டிக் பகுதியின் மரங்களற்ற உறைபனி நிலமான தூந்திரம். எலிபண்டா படகுகளைத் துரத்தும் பழுப்புத்தலைக் கடற்காக்கை திபெத், லடாக் உயர்நில ஏரிகளிலிருந்து வருகிறது. (அதற்குக் காந்தியா வீசும் வழக்கத்தை நிறுத்தினால் நன்று, எண்ணெயில் பொரித்த கடலைமாவு எந்தக் கடற்பறவைக்கும் உணவல்ல.) பூநாரையோ பாஸ்போர்ட் தேவையில்லாத விருந்தாளி. மும்பைக்கு வருபவற்றில் பெரும்பகுதி மழைக்காலம் தொடங்கியதும் குஜராத்தின் ரண் பகுதிக்குப் போய், சேற்றைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. உள்ளான்கள் ஏப்ரலில் விடைபெற்றுவிட, பூநாரைகள் மே மாதம் வரை தங்குவதன் காரணமும் அதுவே.

முதன்முறையாக பைனாகுலர் வாங்கப் போகிறேன். எந்த அளவு? படகில் போவது நல்லதா, கரையில் நிற்பது நல்லதா?
— முலுண்ட் வாசகர்

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நல்லதல்லவா என்று கடைக்காரர் கேட்பார். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதைப் படகில் ஏறியவுடன் உணர்வீர்கள்.

ஐரோலியில் உள்ள கடலோர உயிர்ப்பன்மை மையத்திலிருந்து படகுகள் செல்கின்றன. அவற்றின் நேரமும் ஓதத்தைப் பொறுத்து மாறும் என்பதால் முன்பே பதிவு செய்வது அவசியம். பூநாரையை அருகில் காணப் படகு. உள்ளான்களைக் கற்றுக்கொள்ளக் கரை. உங்களுக்குப் பக்கத்திலேயே பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பாதை இருக்கிறது. அங்கே ஒரு சேற்றுத்திட்டை மட்டும் தேர்ந்துகொண்டு கால் மணி நேரம் பாருங்கள். ஓடி, சட்டென்று நின்று, ஒருமுறை கொத்திவிட்டு மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடுவதால் அதற்கு அந்த நிற்றல் தேவைப்படுகிறது. நிற்காமல் சேற்றுக்குள் அலகை விட்டு விட்டு எடுத்துக்கொண்டே நடப்பது உள்ளான் வகை. அதன் அலகு நுனியிலேயே தொடு உணர்வு இருக்கிறது. நிறத்தையும் கோட்டையும் மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த நடையைக் கற்றுக்கொண்டால், பாதிப் பறவைகளைப் பிரித்துவிடலாம்.

குளக்கரையில் இறந்துகிடந்த ஒரு சிறு பறவையின் காலில் உலோக வளையம் இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும்?
— நெரூல் வாசகி

பறவை இடப்பெயர்வை அறிவதற்காக ஆய்வாளர்கள் இட்ட வளையம் அது. இந்தியாவில் இடப்பட்டதாக இருந்தால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். 1883-இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் அலுவலகம் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அருகில்தான் உள்ளது. வளையத்திலுள்ள எழுத்துகளையும் எண்ணையும் ஒன்றுவிடாமல் குறித்து, படமெடுத்து, கண்ட நாளையும் இடத்தையும் சேர்த்து அவர்களுக்கு அனுப்புங்கள். வெளிநாட்டு வளையமாக இருந்தாலும் அதே கழகத்துக்கே எழுதலாம். உயிருள்ள பறவையின் காலில் வண்ணக் கொடிகள் தெரிந்தால், துரத்தாமல் நின்ற இடத்திலிருந்தே, எந்தக் காலில், மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம் என்ற வரிசையோடு குறித்துக்கொள்ளுங்கள். கொடி கட்டிய இடத்தைச் சொல்வது அந்த வரிசைதான்.