மருத்துவர் பதில்: பெட் ஸ்கேன்ல ‘பிரௌன் ஃபேட்’னு வந்திருக்கு, பயப்படணுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயசு. ஏற்காட்டுல இருக்கோம். ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு (நெறிக்கட்டில வர்ற புற்றுநோய்) கீமோ முடிச்சாச்சு. டிசம்பர்ல ஃபாலோ-அப் பெட் ஸ்கேனுக்கு விடியக்காலைல பைக்ல சேலம் இறங்கினோம். ரிப்போர்ட்ல கழுத்து ரெண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலயும் ‘அப்டேக்’னு போட்டு கடைசில ‘பிரௌன் ஃபேட், பிசியலாஜிக்கல்’னு எழுதியிருக்காங்க. எனக்கு முதல்ல கட்டி வந்ததும் அதே கழுத்துலதான், தூக்கமே வரல. என் வீட்டுக்காரர் சுகர் பேஷண்ட், 88 கிலோ. அவர் நெட்ல பாத்துட்டு ‘அது நல்ல கொழுப்பும்மா, எடைய குறைக்கும்’னு சொல்லி அவரும் தினம் காலைல பச்சத்தண்ணில குளிக்க ஆரம்பிச்சிட்டார்.

பதில்: முதல்ல உங்க பயத்துக்கு வருவோம்மா, அவர் குளியல அப்புறம் பாத்துக்கலாம்.

பெட் ஸ்கேனுக்கு முன்னாடி ஊசி போட்டாங்கல்ல, அது எஃப்.டி.ஜி, கதிரியக்கம் சேத்த சர்க்கரை மாதிரி ஒரு பொருள். புற்றுநோய் செல் அத நிறைய இழுத்துக்கும், அதான் ஸ்கேன்ல பளிச்சுனு தெரியுது. ஆனா மூளையும் இழுக்கும், இதயமும் இழுக்கும், குளிர் பட்டா பிரௌன் ஃபேட்டும் இழுக்கும். இப்படி இழுக்கறதுதான் ‘அப்டேக்’, அது நோயால இல்லாம உடம்போட இயல்பான வேலையால வந்தா ‘பிசியலாஜிக்கல்’. இந்தப் பழுப்புக் கொழுப்பு பெரியவங்களுக்கு இருக்கிற இடமே கழுத்து, காறை எலும்புக்கு மேல, முதுகுத்தண்டு ஓரம், கிட்னிய சுத்தி. லிம்போமா நெறிக்கட்டி வர்ற இடமும் அதே கழுத்துதான்ங்கறதால உங்கள மாதிரி பேஷண்டுங்களுக்கு இந்த வரி ரொம்ப உறுத்தும், அது நியாயம்தான்.

பச்சக் குழந்தைக்கு குளிர்ல நடுங்கி சூடு பண்ணிக்கத் தெரியாது, அதுக்காக இது தோள்பட்டைக்கு நடுவுல நிறைய இருக்கும், வளர்ந்தா காணாமப் போயிடும்னுதான் ரொம்ப காலம் நெனச்சிட்டிருந்தாங்க. பெட் ஸ்கேன் வந்தப்புறம்தான் கழுத்துல பளிச்சுனு தெரியறது இதுதான்னு புரிஞ்சுது, 2009ல அமெரிக்கா, நெதர்லாந்து, ஃபின்லாந்துனு மூணு குழு ஒரே நேரத்துல பெரியவங்களுக்கும் இது வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. அமெரிக்காக்காரங்க வழக்கமான ஸ்கேன்கள பாத்தப்ப பெண்கள்ல 7.5 சதவீதம், ஆண்கள்ல 3.1 சதவீதம் பேருக்குதான் தெரிஞ்சுது. நெதர்லாந்துல 24 இளைஞர்கள 16 டிகிரி குளிர்ல உக்கார வச்சு எடுத்தா 23 பேருக்கு இருந்துச்சு! அப்போ ஆள விட குளிர்தான் முக்கியம்.

இப்ப உங்க கதைய பாருங்க. இள வயசு, பொண்ணு, கீமோ முடிச்சு உடம்பும் இளைச்சிருக்கும், சுமார் 1500 மீட்டர் உயரத்துலருந்து டிசம்பர் விடியக்காலை வெறும் வயித்தோட பைக்ல 20 கொண்டை ஊசி வளைவும் காத்துல இறங்கி, வந்ததும் ஏசி ரூம்ல படுக்க வச்சிருக்காங்க, பதட்டம் வேற. குளிருக்கு இந்தக் கொழுப்ப தட்டி எழுப்புற சிம்பதெடிக் நரம்பு பதட்டத்துலயும் முழிச்சுக்கும். தெரியாம இருந்தாதான் ஆச்சரியம்.

ஆனா உங்க படத்த நான் பாக்கல, அதனால உங்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட ரெண்டே ரெண்டு கேளுங்க. அந்த இடத்துல சி.டி. படத்துல நெறிக்கட்டி ஏதும் இருக்கா, இல்ல வெறும் கொழுப்புதானா? டோவில் ஸ்கோர், அதாவது லிம்போமா ஸ்கேன்ல எவ்வளவு பளிச்சுனு இருக்குன்னு 1லருந்து 5 வரைக்கும் போடற மார்க், எவ்வளவு? கொழுப்பு மேலயே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருந்து, ஸ்கோர் 1ஓ 2ஓன்னு சொன்னா நிம்மதியா தூங்குங்க. கையில தட்டுப்படுற கட்டி, ராத்திரி துணி நனையற வேர்வை, விடாத காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறதுன்னு வந்தா மட்டும் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

அடுத்த ஸ்கேனுக்கு பைக் வேணாம். முந்தின நாளே இறங்கி சேலத்துல சொந்தக்காரங்க வீட்ல தங்கிக்கோங்க, ஸ்வெட்டர், சாக்ஸ் போட்டுட்டு போங்க, ஊசி போடறதுக்கு முன்னாடியே போர்வை கேளுங்க, போன தடவை பிரௌன் ஃபேட் வந்துச்சுன்னு சொல்லிடுங்க. சில இடத்துல இந்தக் கொழுப்ப அடக்கி வைக்க ப்ரோப்ரனலால் மாத்திரை குடுப்பாங்க, அது அவங்க குடுத்தா மட்டும்தான், ஆஸ்துமா இருந்தா முன்கூட்டியே சொல்லணும்.

இப்ப உங்க வீட்டுக்காரர். அவர் படிச்சது முழுப் பொய்யில்லீங்க. சாதா கொழுப்பு சேத்து வைக்கும், இது எரிக்கும். இதோட செல்லுல மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு சக்தி தர்ற குட்டி இன்ஜின்) நெருக்கமா இருக்கும், அதுல இருக்கற இரும்பாலதான் பழுப்பு நிறமே. அதுல யு.சி.பி.1னு ஒரு புரோட்டீன், வண்டிய நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டர முறுக்கற மாதிரி, எரிபொருள் எரியும், வேலை நடக்காது, சூடு மட்டும் வரும். 2021ல 52,000 பேருக்கு மேல ஸ்கேன அலசினதுல இது இருந்தவங்கள்ல 4.6 சதவீதம் பேருக்கு டைப் 2 சுகர், இல்லாதவங்கள்ல 9.5. ஆனா இது இருந்ததாலதான் சுகர் வரலையா, சுகர் வராத உடம்புலதான் இது தங்குதான்னு அத வச்சு சொல்ல முடியாது. 8 சுகர் பேஷண்டுகள 10 நாள் 14, 15 டிகிரி ரூம்ல தினம் பல மணி நேரம் உக்கார வச்சப்ப இன்சுலின் நல்லாவே வேலை செஞ்சுது, ஆனா அதுக்கும் பெரும்பங்கு தசையோடதுதான், பிரௌன் ஃபேட் பங்கு கம்மி. போதாததுக்கு தெற்காசிய ஆண்களுக்கு இந்தக் கொழுப்பு ஐரோப்பியர விட குறைவுன்னு ஒரு சின்ன ஆய்வு சொல்லுது.

பெரியவங்க உடம்புல இது இருக்கறதே கொஞ்சம், அஞ்சு நிமிஷ பச்சத்தண்ணில அது என்னத்த எரிக்கும்? குளிருக்கே எடை குறையும்னா ஏற்காட்டுல தொப்பையே இருக்கக் கூடாதே, ஏரிப் பக்கம் பஜ்ஜி கடைல நின்னு பாருங்க தெரியும். குளிர் பசியையும் சேத்து கிளப்பும்.

ஆன்லைன்ல ‘ஃபேட் பர்னர்’னு எதையும் வாங்க விடாதீங்க. டி.என்.பி.னு ஒரு மருந்து, இதே நியூட்ரல் வேலைய உடம்பு முழுக்க செய்யும், 1930கள்ல அமெரிக்கால எடை குறைக்க சாப்பிட்டு உடம்பு கொதிச்சே செத்தவங்க இருக்காங்க, கண்புரை வந்தவங்களும் உண்டு, 1938ல நிறுத்தினாங்க, இன்னிக்கும் நெட்ல திருட்டுத்தனமா விக்கறாங்க.

சில்லுனு தண்ணி ஊத்தினா பிரஷர் திடீர்னு ஏறும், 88 கிலோ, சுகர் வேற, அதனால அவர் பிரஷரையும் ஒரு ஈ.சி.ஜி.யும் பாக்கற வரைக்கும் வெந்நீர்லயே குளிக்கட்டும். எஸ்டேட் ரோட்டுல தினம் முக்கால் மணி நேரம் மேடேறி நடந்தா சுகருக்கு அது ரொம்ப நல்லது, நீங்களும் முடிஞ்ச வரைக்கும் கூட நடங்க, ஸ்வெட்டர் போட்டுட்டு.