சின்ஸா, ஃபாரா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு விடுதி ரிசப்ஷனில் இருக்கிறேன். எத்தனை நாளாக இங்கே வேலை என்று கெஸ்ட் கேட்டால் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பேன். சின்ஸ் தப்பு, ஃபார் போடு என்கிறார் மேனேஜர். ஏன்?

பதில்: மேனேஜர் சொன்னது சரி, ஆனால் பாதிதான்.

இந்த வித்தியாசம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘மூன்று வருடமாக’ என்கிறோம், ‘போன தீபாவளியிலிருந்து’ என்கிறோம். மாற்றிப் போட்டு ‘தீபாவளியாக வேலை பார்க்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆக’ காலத்தின் நீளத்தைச் சொல்கிறது, அங்கே ஃபார். ‘இலிருந்து’ தொடங்கிய இடத்தைக் காட்டுகிறது, அங்கே சின்ஸ். மலையில் காலையிலிருந்து பனிமூட்டமா? சின்ஸ் திஸ் மார்னிங். ரெண்டு மணி நேரமாகவா? ஃபார் டூ அவர்ஸ். மேட்டூர் அணை நிற்பது சின்ஸ் 1934. அதையே ஃபார் ஓவர் நைன்ட்டி இயர்ஸ் என்றும் சொல்லலாம். ‘ஏற்காடு வந்ததிலிருந்து’ என்பதற்கும் சின்ஸ்தான்: சின்ஸ் ஐ கேம் டு ஏற்காடு.

ஒரு வழுக்கல் உண்டு. ‘இருந்து’ என்றதும் ஃப்ரம் நாக்கில் வந்து நிற்கும். ‘ஃப்ரம் சைல்டுஹுட் ஐ ஆம் லிவிங் இன் சேலம்’ என்பது அப்படிப் பிறந்ததுதான். இன்றுவரை தொடர்கிற விஷயத்துக்குச் சின்ஸ் போடுங்கள். 2019 முதல் 2021 வரை என்று இரண்டு முனையும் தெரிந்தால் ஃப்ரம், டு.

ஃபார் எந்தக் காலத்துக்கும் வளைந்து கொடுக்கும். கொலுசுக் கடையில் ரெண்டு வருடம் இருந்தேன், இப்போது இல்லை என்றால் ‘ஐ ஒர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்’. இன்னும் ரெண்டு நாளைக்கு ரூம் வேண்டும் என்றாலும் ‘ஃபார் டூ மோர் டேஸ்’. சின்ஸுக்கு இந்த வேலை வராது. (சின்ஸுக்கு ‘என்பதால்’ என்ற பொருளும் உண்டு, அது வேறு கதை.)

மேனேஜர் விட்ட பாதி, வினை. தமிழில் ‘வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதால் ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ வந்துவிடுகிறது. முன்பே தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன்’ கேட்கும்: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ இன்டர்வியூவில் இதைத்தான் கவனிப்பார்கள்.

கெஸ்டுக்கு எப்படிச் சொன்னாலும் புரியும். சாவியை நீட்டிக்கொண்டே அவர் கேட்கும்போது முழு வாக்கியம் எதற்கு? ‘த்ரீ இயர்ஸ் நௌ, சார்’ போதும். அதில் சின்ஸும் இல்லை, ஃபாரும் இல்லை.