செப்டெம்பரில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வரலாமா? வெயில், இடி, வெள்ளம் பற்றி

கேள்வி: கொழும்பிலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வயதான அம்மாவோடும் சின்னப் பிள்ளைகளோடும் மட்டக்களப்புக்கும், அங்கிருந்து காரைதீவுக்கும் போக நினைக்கிறோம். வெயில் கடுமை என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் "கிழக்கில் இடியுடன் கூடிய மழை" என்றும் செய்தி வருகிறது. வெள்ளத்தில் மாட்டிக்கொள்வோமா? பேசாமல் டிசம்பருக்குத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட வேண்டாம், இப்போதே வாருங்கள். செப்டெம்பரில் நீங்கள் கவனிக்க வேண்டியது வெயிலும் மின்னலும்தான். இங்கே ஊரை மூடுகிற வெள்ளம் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி, தையில் வருவது. நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்துக்காரன், எங்களுக்கு வயல் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அதனால் இந்த மூன்றையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெயில். மே மாதத்திலிருந்து எங்களுக்குக் கச்சான் காற்று. கொழும்புக்கு மழை கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் இது. மலைநாட்டின் மேற்குச் சரிவில், கினிகத்தனைப் பக்கம் ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கமாக எங்களிடம் இறங்குகிறது. காய்ந்த காற்று இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை சூடாகும். அதனால்தான் அங்கே குடை பிடிக்கிற நாளில் இங்கே உதடு வெடிக்கிறது. கச்சான் பலமாக அடிக்கிற நாளில் தென்னோலை எல்லாம் கடல் பக்கமாகவே சாய்ந்து நிற்கும், கொடியில் போட்ட சேலை திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். போதாததற்கு, சூரியன் தெற்கே நகரும் வழியில் ஓகஸ்ட் 28 முதல் செப்டெம்பர் 7 வரை இலங்கைக்கு மேலே உச்சியில் நிற்கிறது. நீங்கள் வரும் வாரம் சரியாக அதற்குள் விழுகிறது.

கச்சானில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. அம்மாவுக்குத் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேரம் வைத்துக் கொடுங்கள். இளநீர், மோர், தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, எது பிடிக்குமோ அது. இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது கச்சான் திடீரென்று விழுந்துபோகிற நாளில். இலை அசையாது, கடலிலிருந்து ஈரம் மட்டும் வந்து நிற்கும், வியர்வை காயவே காயாது. வெப்பமானி இரண்டு பாகை குறைவாகக் காட்டினாலும் முதியவர்களை வாட்டுவது இந்தப் புழுக்கம்தான். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச்சுட்டெண் என்று ஒன்றை வெளியிடுகிறதே, அது வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. வெறும் பாகையைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். பிள்ளைகளை முற்பகல் பதினொரு மணிக்குள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, நாலு மணிக்குப் பிறகு வெளியே விடலாம்.

ஆனால் அந்த நாலு மணிதான் இடியின் நேரமும். மத்தியானத்தில் கடற்காற்று கரையேறி, மேற்கிலிருந்து வருகிற கச்சானோடு முட்டுகிறது. இரண்டும் சந்திக்கிற கோட்டில், பெரும்பாலும் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, மகாஓயா, அம்பாறை, படுவான்கரைப் பக்கம், மேகம் எழும்புகிறது. தலை வெள்ளையாக, அடி கறுத்து நிற்கும். மேலே அடிக்கிற காற்றும் மேற்கிலிருந்து வருவதால் பொழுதுசாயும் நேரத்தில் அது வாவியைத் தாண்டி, கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக்கு வரும். சில நாள் வரும் வழியிலேயே கரைந்துபோகும். அதனால்தான் செய்தியில் "சில இடங்களில்" என்கிறார்கள். வவுணதீவில் கொட்டோ கொட்டென்று கொட்டும், ஆரையம்பதியில் ஒரு துளி இருக்காது. கைப்பேசிச் செயலியில் ஏழு நாளுக்கும் மின்னல் படம் போட்டிருந்தால் பயணத்தை நிறுத்தாதீர்கள். மூன்று மணிக்கு மேற்கு வானத்தை ஒருதரம் பாருங்கள், அது இன்னும் சரியாகச் சொல்லும்.

மழைக்கு முன்னால் ஒரு குளிர்ந்த காற்று தள்ளிக்கொண்டு வரும். தகரக் கூரை பறப்பதும் மரக்கொப்பு முறிவதும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். மின்னல் வெட்டியபின் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் கிட்டே வந்துவிட்டது, உடனே வீட்டுக்குள் போய்விட வேண்டும். காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருப்பதும் நல்லது. வயல் வாடி, தனி மரம், திறந்த உழவு இயந்திரம் இவை பாதுகாப்பே இல்லை. எங்கள் பக்கத்தில் வயலிலும் மாட்டுப்பட்டியிலும் தோணியிலும் இருக்கிறவர்களைத்தான் மின்னல் கொண்டுபோகிறது. மழை விழவில்லையே என்று இன்னும் ஒரு வலை இழுத்துவிட்டுப் போகலாம் என நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். பாசிக்குடாவில் குளிப்பதானால் காலையில் போங்கள். இந்தக் காலத்தில் அந்தக் கடல் அமைதியாக இருக்கும், பிள்ளைகளுக்கு அருமையான இடம். முதல் இடி கேட்டதும் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகட்டும்.

சரி, வெள்ளம். செப்டெம்பர் மழை ஒரு மணித்தியாலத்தில் பட்டணத்து வடிகானை நிரப்பும், சந்தியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அப்புறம் வடிந்துவிடும். சிறுபோக நெல் அறுவடை முடிந்து உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் இறங்கிக் கிடக்கும், மண் வெடித்துக் கிடக்கும், எவ்வளவு விழுந்தாலும் குடித்துவிடும். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரிக்குள் வருகிறது. 1957 வெள்ளம் டிசம்பரில், 1978 சூறாவளி நவம்பர் 23 இரவு, 2011 வெள்ளம் ஜனவரியில். நீங்கள் கேட்கிற டிசம்பர் இதற்கு நடுவில் இருக்கிறது.

அப்போது குளங்கள் நிரம்பி வான்கதவு திறப்பார்கள், மேலேயிருந்து முந்தனையாற்றுத் தண்ணீரும் இறங்கும். வாவியின் வாய் மணலால் அடைபட்டிருந்தால் முகத்துவாரத்தை வெட்டிவிடும் வரைக்கும் தண்ணீருக்குப் போக இடமில்லை. கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கிவிடும், கல்முனைப் பக்கம் கிட்டங்கி தாம்போதிக்கு (தாழ்வான இடத்தைக் கடக்கிற வீதிக்கு) மேலால் தண்ணீர் பாயும். நீங்கள் போகிற காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வழியில், மாவடிப்பள்ளித் தாம்போதியில், 2024 நவம்பர் 26 அன்று மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப்போனது. பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் தாம்போதியை வெயில் காலத்தில் பார்த்தால் இவ்வளவு அமைதியான இடத்திலா என்று நம்ப முடியாது. இரு பக்கமும் வயல், நடுவில் நேரான தார்வீதி. வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் இறங்காதீர்கள். ஓரம் அரித்துப் போயிருப்பது மேலேயிருந்து தெரியாது.

எல் நினோ ஆண்டென்றால், அதாவது பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகிற ஆண்டென்றால், மழை குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை அப்படிப்பட்ட ஆண்டுகளில் கூடுகிற போக்குத்தான் இருக்கிறது.

எப்படியும் டிசம்பரில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால், தாம்போதி தாண்டாத வீட்டில் தங்குங்கள், அம்மாவின் மருந்தைப் பத்து நாளுக்குக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள், புறப்படும் காலையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து எந்த வீதி திறந்திருக்கிறது என்று கேளுங்கள். செப்டெம்பரில் வந்தால் ஒரு குடையும் தண்ணீர்ப் போத்தலும் போதும். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் தேர்த் திருவிழா அந்த நாட்களில் அமைந்தால் அம்மாவை விடியற்காலையிலேயே கூட்டிப்போய், வெயில் ஏறுவதற்குள் மண்முனைப் பாலத்தால் திரும்பிவிடுங்கள்.