பால் கிளே: கோடும் கறையும்

கேள்வி: பால் கிளேயின் ‘கீச்சிடும் இயந்திரம்’ ஓவியத்தில் கோடுகள் பிசிறு பிசிறாக இருக்கின்றன. சுற்றிலும் கறுப்புத் தீற்றல் வேறு. மை கசிந்துவிட்டதா? இதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

பதில்: மை கசியவில்லை. அது பேனாக் கோடே அல்ல, படியெடுத்த கோடு. கார்பன் தாள் தெரியுமல்லவா, அதே வேலைதான். மெல்லிய தாளில் கறுப்பு எண்ணெய் வண்ணம் பூசி, அரைகுறையாகக் காயவிட்டு, நல்ல தாளின் மேல் கவிழ்ப்பார். அதற்கு மேல், முன்பே வரைந்த படத்தை வைத்து ஊசிமுனையால் கோடுகளைத் தொடர்வார். ஊசி போன இடம் கோடு. கை அழுந்திய இடம் கறை. அந்தக் கறையை அவர் அழிக்காமல் விட்டதுதான் படத்துக்கே உயிர்.

நீங்கள் செய்வதானால், ஏ4 பட்டர் தாளுக்குச் சுண்டைக்காய் அளவு வண்ணம் போதும். துணியால் தேய்த்துப் பரப்புங்கள். மிஞ்சியதைச் செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். விரல் வைத்தால் லேசாக ஒட்ட வேண்டும், ஆனால் அப்பிக்கொள்ளக் கூடாது. ஈரம் அதிகமானால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். காய்ந்துவிட்டால் கோடே விழாது. அடியில் வைப்பது வழவழப்பான தாளாக இருக்கட்டும், சொரசொரப்பில் கோடு அறுந்து அறுந்து விழும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவே ஊசிக்குப் பதில். கோடு நன்றாகக் காய்ந்த பிறகு நீர்வண்ணம் பூசுங்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் கோடு அப்படியே நிற்கும்.

கேள்வி: அவர் சுவிஸ்காரரா, ஜெர்மானியரா?

பதில்: 1879 டிசம்பர் 18 அன்று சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகர் அருகே முன்ஷன்புக்ஸேயில் பிறந்தவர். தாய் சுவிஸ், தந்தை ஜெர்மானியர், இசை ஆசிரியர். ஜெர்மன் குடியுரிமை தந்தை வழியில் வந்தது. 1921 முதல் பத்தாண்டு ஜெர்மனியின் கலை, வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸில் கற்பித்தார். பிறகு சேர்ந்த டூசல்டார்ஃப் கலைக்கூட வேலையை 1933இல் நாஜிகள் பறித்தார்கள். அந்த டிசம்பரிலேயே பேர்னுக்குத் திரும்பிவிட்டார். சுவிஸ் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தும், அது கைக்கு வருமுன் 1940 ஜூன் 29 அன்று இறந்துபோனார். சட்டப்படி ஜெர்மானியர்தான். ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் கடைசியில் வந்து சேர்ந்ததும் சுவிஸ் மண். அவரை சுவிஸ் ஓவியர் என்று சொல்வதே நியாயம்.

கேள்வி: ‘கீச்சிடும் இயந்திரம்’ ஓவியத்துக்கு ‘1922, 151’ என்ற எண் எதற்கு?

பதில்: அந்த ஆண்டின் 151ஆவது படைப்பு என்று அவரே தம் பட்டியலில் பதிந்த எண். 1911இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் அவர் உடல்நிலையையும் படிக்கலாம். தோல் இறுகும் நோய் முற்றிய 1936இல் 25 படைப்புகள்தான். 1939இல் 1,200க்கும் மேல்.