மாரடைப்புக்குப் பின் இதயச் சுவரில் துளை: ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

அப்பாவின் இதயத் துளையை மார்பைத் திறக்காமல் அடைக்க முடியுமா, மருத்துவர் ஏன் காத்திருக்கச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் 72 வயது அப்பாவுக்கு மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையிலான சுவரில் விழுந்த துளையை, மார்பைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியாக அடைக்க வாய்ப்பு உண்டு. 'இரண்டு வாரம் பார்ப்போம்' என்று மருத்துவர் சொன்னது தட்டிக்கழிப்பதற்காக இருக்காது.

முதல் சில நாட்களில் துளையின் விளிம்புத் தசை நனைந்த காகிதம் போல நைந்திருக்கும். நிக்கல், டைட்டானியக் கலவைக் கம்பியால் பின்னிய இரட்டைத் தட்டு அடைப்பான் அதைப் பற்றி நிற்காமல் நழுவலாம், துளையே பெரிதாகவும் செய்யலாம். அந்தத் தசை வடுவாகி இறுகினால்தான் பிடிப்பு கிடைக்கும்; அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் துளையின் அளவைப் பாருங்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அடைப்பான் பொதுவாகப் பொருந்தாது. அறுவைச் சிகிச்சை நிபுணரின் கருத்தையும் கேளுங்கள்.

ஆனால் இரத்த அழுத்தம் சரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு முட்டினாலோ காத்திருப்பதே ஆபத்து. விடியட்டும் என்று இராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். அடைத்த பிறகும் சிறு கசிவு மிஞ்சக்கூடும்.