அயோவாவின் ஆஃபென்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அயோவா ஹாக்ஐஸ் அணியின் ரசிகர்கள் பட்ட பாட்டைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பந்தை வைத்து முன்னேறும் பிரிவு ஆஃபென்ஸ், அதைத் தடுக்கும் பிரிவு டிஃபென்ஸ்.

கே: டச் டவுனே அடிக்காமல் 7–3 என்று ஜெயித்தார்களாமே, அது எப்படி?
– கோவை வாசகர்

2022 செப்டம்பர் 3, சவுத் டகோட்டா ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டம் அது. டச் டவுன் என்பது பந்தோடு மைதானக் கோடியிலுள்ள எதிரணியின் ‘எண்ட் ஸோனை’ அடைவது. அது இல்லாமலே, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்டு கோலுக்கு 3, இரண்டு சேஃப்டிக்கு 2+2, ஆக 7. எதிரணி ஆளை அவர்களுடைய எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கினால் கிடைப்பது சேஃப்டி. அந்த நான்கு பாயின்டும் டிஃபென்ஸ் சம்பாதித்தவை. ஆஃபென்ஸின் பங்கு மூன்றுதான்.

கே: ஓடினால் இரண்டு யார்டு, எறிந்தால் தரையில். 2023-ல் முழு சீசனும் இதே கதை. பிரையன் ஃபெரன்ட்ஸின் பிளே காலிங்தானே காரணம்?
– டெஸ் மாயின்ஸ் வாசகர்

பிரையன் அப்போது ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர்; எந்த நேரத்தில் எந்த ஆட்டமுறை (‘பிளே’) என்று சொல்வது அவர் வேலை. அது பாதிக் காரணம். மீதியைப் புரிந்துகொள்ளத் தலைகளை எண்ண வேண்டும்.

அயோவாவின் அடிப்படை ஓட்டம் ‘அவுட்சைடு ஸோன்’. முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐந்து லைன்மேன்களும் ஒரே பக்கமாக ஒரே நேரத்தில் கால் வைப்பார்கள். பந்தோடு ஓடுபவர் அவர்கள் பின்னாலேயே போய், திறக்கும் சந்தைப் பார்த்து ஒரே ஒரு வெட்டு வெட்டி நேராகப் பாய வேண்டும். வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் இரண்டு டைட் எண்டையும் நிறுத்தினால் தடுக்க ஏழு பேர். எதிரணி பந்துக்கு அருகே, அதாவது ‘பாக்ஸுக்குள்’, ஏழு பேரை வைத்தால் ஆளுக்கு ஆள் சரி. எட்டாவது ஆள் வந்துவிட்டால் அவரைத் தடுக்க யாரும் கிடையாது. ஓட்டம் இரண்டு யார்டில் நிற்பது அவரால்தான்.

எட்டாவது ஆளைத் திருப்பி அனுப்ப ஒரே வழி பாஸ். அவர் முன்னே வந்ததால் பின்னால் காலியான இடத்தில் பந்து போய் விழ வேண்டும். ஓடுவதுபோல் காட்டி எறியும் ‘பிளே ஆக்ஷன்’ இருப்பதே இதற்குத்தான். அந்த வருஷம் இது கைகொடுக்கவில்லை. செப்டம்பர் 30 அன்று மிஷிகன் ஸ்டேட் ஆட்டத்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கேட் மெக்னமாராவின் முழங்கால் போனது. அவருக்குப் பதில் வந்த டீக்கன் ஹில் எறிந்தவற்றில் பாதிகூடக் கைசேரவில்லை. டைட் எண்டுகள் லூக் லாச்சியும் எரிக் ஆலும் ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் வெளியேறினார்கள். எதிரணிகள் பயமில்லாமல் எட்டாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தின.

அப்படியானால் கோஆர்டினேட்டரின் தவறு என்ன? ஆள் போன பிறகும் அதே ஏட்டைப் புரட்டியது. பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் எட்டுப் பேருக்கு எதிரே ஓடி இரண்டு யார்டு. இரண்டாவதில் மீண்டும் ஓடி ஒன்று. மூன்றாவதில் ஏழு யார்டு தேவைப்படும்போது நான்கு யார்டில் நிற்பவருக்கு ஒரு பாஸ். அயோவாவின் சொந்த மைதானமான கின்னிக் ஸ்டேடியத்தில் கூச்சல் எழுந்தது மூன்றாவது டவுனுக்கு. கோளாறு முதல் டவுனிலேயே நடந்து முடிந்திருக்கும்.

இன்னொன்று, அதிக ரிஸ்க் எடுக்காதே, பந்தைத் தொலைக்காதே, டிஃபென்ஸ் ஜெயித்துத் தரும் என்பது 1999 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கிர்க் ஃபெரன்ட்ஸின் கொள்கை. மகன் பிரையன் அதற்குள் நின்றுதான் பிளே சொன்னார். ரசிகர்கள் மகனைத் திட்டித் தகப்பனை விட்டுவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

கே: எப்போது பார்த்தாலும் மைதானத்தின் குறுகிய பக்கத்திலேயே ஆடுகிறார்களே, அகலப் பக்கம் கண்ணில் படாதா?
– சிகாகோ வாசகர்

கல்லூரி மைதானத்தின் அகலம் 160 அடி. பிளே தொடங்கும் இடத்துக்கு எல்லையான இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அகலப் பக்க எல்லைக்கோட்டருகே எறியும் பாஸ் காற்றில் அதிக தூரம் போகும்; கையில் வேகம் இல்லாதவர் எறிந்தால் நடுவில் ஒருவன் புகுந்து பிடித்துவிடுவான். அதனால் குறுகிய பக்கம் எறிவதில் நியாயம் உண்டு. ஓடுவதில் அந்த நியாயம் கிடையாது. அங்கே எல்லைக்கோடே எதிரணிக்குக் கூடுதல் ஆள். உங்கள் எரிச்சல் ஓட்டத்தைப் பற்றியதென்றால் நானும் உங்கள் கட்சி.

கே: பிளே காலிங் தப்பா, ஆட்டக்காரர் தப்பா? டிவியில் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது?
– டாலஸ் வாசகர்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு பிளேயிலும் நான்கு விஷயம் குறியுங்கள்: எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை, பாக்ஸில் எத்தனை பேர், கிடைத்தது எத்தனை. டிவி கேமரா பாக்ஸைத் தெளிவாகக் காட்டும். பின்னால் காவல் நிற்கும், ‘சேஃப்டி’ என்றே பெயர்கொண்ட ஆட்டக்காரர்கள்தான் பெரும்பாலும் திரைக்கு வெளியே போய்விடுவார்கள்.

முதல் டவுனில் தேவைப்பட்டதில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த பிளே வெற்றி. இது பரவலாகப் புழங்கும் கணக்கு. 10 யார்டுக்கு 5. 8 யார்டுக்கு 6. பத்துக்கு நான்கு வெற்றிகூடத் தேறாத அணி தடுமாறுகிறது என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு பழி யாருக்கு என்று பாருங்கள். பாக்ஸில் ஆறே பேர் இருந்தும் ஓட்டம் நின்றால் லைன்மேன்கள். எட்டுப் பேர் நிற்கும்போதும் ஓடினால் பிளே சொன்னவர், அல்லது கோட்டில் நின்று பிளேயை மாற்றத் தவறிய குவார்ட்டர்பேக். தனியாக நிற்பவரின் தலைக்கு மேல் பந்து பறந்தால் குவார்ட்டர்பேக். மூன்றாவது டவுனில் 8 யார்டு வேண்டியிருக்க, பாஸ் பிடிக்க ஓடும் எல்லா ரிசீவரும் 5 யார்டிலேயே திரும்பினால் சந்தேகமே இல்லை, கோஆர்டினேட்டர்தான். அடுத்த பிளேயைத் தொடங்கத் தரப்படும் 40 நொடிக் கடிகாரத்தையும் கவனியுங்கள். திரும்பத் திரும்ப இரண்டு மூன்று நொடி மிச்சத்தில் பந்து எடுக்கிறார்களென்றால் பிளே தாமதமாக வருகிறது; எதிரணியின் அமைப்பைப் பார்த்து மாற்ற நேரமே இருக்காது.

கே: ‘25 பாயின்ட் ஒப்பந்தம்’ என்று கேலி செய்தார்களே, அது என்ன?
– சென்னை வாசகர்

2022-ல் அணியின் சராசரி 17.7 பாயின்ட். அதனால் 2023 பிப்ரவரியில் பிரையனின் சம்பளத்தை 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைத்து, ஆட்டத்துக்குச் சராசரி 25 பாயின்டும் குறைந்தது 7 வெற்றியும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். வேடிக்கை, டிஃபென்ஸ் அடிக்கும் டச் டவுனும் அதில் சேரும். ஆஃபென்ஸ் பயிற்சியாளரின் பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரனின் மதிப்பெண்ணும்! முதல் டவுனில் எத்தனை யார்டு, மூன்றாவதில் எத்தனை முறை தேறினார்கள் என்று அளந்திருந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்திருக்கும். சீசன் முடிவதற்குள்ளேயே, அக்டோபர் 30 அன்று, அடுத்த ஆண்டு அவர் தொடரமாட்டார் என்று அறிவித்துவிட்டார்கள். கடைசிச் சராசரி 15.4.

கே: இவ்வளவு மோசமான ஆஃபென்ஸை வைத்துக்கொண்டு 2023-ல் 10 ஆட்டம் ஜெயித்தது எப்படி?
– மினியாபொலிஸ் வாசகர்

பயிற்சியாளர் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸ், மெல்போர்னிலிருந்து வந்த டோரி டெய்லரின் கால். அவர் அந்த சீசனில் 93 முறை பன்ட் அடித்து, அதாவது பந்தை எதிரணியிடம் தொலைவில் உதைத்துக் கொடுத்து, 4,479 யார்டு அனுப்பினார். ஒரு சீசனுக்கான கல்லூரி சாதனை அது. எதிரணி ஒவ்வொரு முறையும் தன் எல்லையருகே தொடங்க வேண்டியிருந்தது. மிஷிகன் (26–0), டென்னஸி (35–0) போன்ற அணிகள் முன்னிலை பெற்றதும் இந்த வித்தை பலிக்கவில்லை.

கே: டிம் லெஸ்டர் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?
– சிடார் ராப்பிட்ஸ் வாசகர்

பிரையனின் இடத்துக்கு வந்தவர் லெஸ்டர். 2024-ல் ஓட்டம் சரியானது. பந்து எடுக்கும் முன் ஆட்களை நகர்த்தி எதிரணியின் கணக்கைக் கலைத்தார். கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச் டவுன் அடித்தார். சராசரியும் 25-ஐத் தாண்டியது. பாஸ் மட்டும் நாட்டிலேயே கடைசி வரிசையில்தான் கிடந்தது.