கல்விதான் இலவசமாச்சே, பாடசாலையில் சாப்பாடு எதற்கு?

படிப்பு, புத்தகம், சீருடை எல்லாம் இலவசம், சாப்பாட்டையும் அரசாங்கமே கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கொடுக்க வேண்டும். கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் நான்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது, பாடநூல் 1980இல், சீருடை 1993இல். எல்லாம் சரி. ஆனால் காலை ஏழரைக்கு வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையின் வயிற்றை இவை நிரப்பாது. எங்களிடம் படித்த பிள்ளைகளின் அப்பாமார் பலர் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகள், அம்மாமார் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் இருவரும் வெளிக்கிட்டு விடுவார்கள். பிள்ளை பால் இல்லாத ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு வரும். இரண்டாம் பாடத்துக்குள் "டீச்சர், வயிறு நோகுது" என்று மேசையில் தலை சாய்க்கும். இரண்டு பிஸ்கட் கொடுத்தால் நோவு போய்விடும்.

2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த நாட்களில் பல பிள்ளைகள் வரவே இல்லை. கேட்டால் காய்ச்சல் என்பார்கள். கட்டிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? இடைவேளையில் மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது தன் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றே வீட்டில் மறித்துவிடுவார்கள். கிழமைக்கு இரண்டு நாள் இப்படிப் போனால், எழுத்துக் கூட்டத் தெரியாமலே பிள்ளை மூன்றாம் தரத்துக்கு வந்து நிற்கும்.

முன்பு தெரிவு செய்த பாடசாலைகளுக்கு மட்டும் இருந்த உணவுத் திட்டம், 2024 மார்ச்சில்தான் அரசுப் பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரை எல்லாருக்கும் என்று ஆனது. சோறு, பருப்பு, கீரை, நெத்தலி, சில நாள் முட்டை. முட்டை நாளில் வரவு இடாப்பில் வராதவர்களைத் தேடத்தான் வேண்டும்!

குறை இல்லாமல் இல்லை. சமைத்துத் தருபவர்கள் பெரும்பாலும் அதே தெருக்களின் அம்மாமார். இரவு மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள், சாமான் கடையில் கடன். அரசாங்கம் தர வேண்டிய பில் காசு பிந்தினால் முட்டையை நூலால் இரண்டாக அறுக்க வேண்டி வரும். அவர்களை ஏசிப் பயனில்லை. மாதக் காசு மாதத்திலேயே அவர்கள் கைக்கு வர வேண்டும்.

அப்புறம், ஆறாம் தரம். வீடு அதேதான், பிளேன்டீயும் அதேதான், சாப்பாடு மட்டும் ஐந்தோடு நின்றுவிடுகிறது. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு அடுத்த வருடம் பசிக்காதா? கொழும்பு போன்ற இடத்தில் ஒன்பதாம் தரம் வரையாவது இதை நீட்ட வேண்டும் என்பேன். கடைக்கு, கராஜுக்கு என்று பையன்களை வேலைக்கு இழுப்பது அந்த வயதில்தான்.